கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் ஒரே பல்பின் கீழ்... தெரியுமா?

முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு பேச ஆரம்பித்துவிடும், தெரியுமா? பொரிவதற்கு ஓரிரு நாள் இருக்கும்போது முட்டையை மெல்லக் காதருகே பிடித்தால், ஓட்டுக்குள்ளிருந்து 'கீச் கீச்' என்று கேட்கும்!

கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்து முட்டை பொரிய 28 நாள். இரண்டும் ஒரே நாளில் வெளியே வர வேண்டுமென்றால், வாத்து முட்டையை முதலில் வைத்து, ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டையைச் சேர்க்க வேண்டும். மஸ்கோவி வாத்து என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அதற்கு 35 நாள்!

முட்டைக்காக வளர்க்கும் வாத்து இனங்கள் பலவும் அடையில் உட்காருவதையே மறந்துவிட்டன. அதனால்தான் நம் கிராமங்களில் அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் வாத்து முட்டையை வைக்கிறார்கள். இந்த வழக்கம் எவ்வளவு பழையது தெரியுமா? 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் அறிஞர் சிசரோ இதை எழுதிவைத்திருக்கிறார். கோழி பொரித்து வளர்த்த வாத்துக்குஞ்சுகள், தண்ணீரைக் கண்டதும் பின்னாலேயே வரும் கோழியை விட்டுவிட்டு ஓடிவிடும் என்கிறார். இன்றும் எந்தக் குளத்தங்கரையிலும் அதே காட்சிதான்: குஞ்சுகள் ஆனந்தமாக நீந்த, கோழி கரையில் அங்குமிங்கும் ஓடிக் கொக்கரிக்கும்!

சரி, அம்மாவையே பார்க்காத வாத்துக்குஞ்சுக்கு வாத்தின் குரல் எப்படித் தெரிகிறது? அமெரிக்க ஆய்வாளர் கில்பர்ட் காட்லீப் கண்டுபிடித்ததைப் படித்தால் சிலிர்த்துவிடும். இன்குபேட்டரில் பொரித்த வாத்துக்குஞ்சுகளுக்குத் தாய் வாத்தின் அழைப்பையும் தாய்க்கோழியின் அழைப்பையும் ஒலிபரப்பினார். அவை வாத்தின் குரலை நோக்கியே போயின. ஆனால், முட்டைக்குள்ளேயே குரல் அடக்கப்பட்டு, மற்ற குஞ்சுகளின் சத்தமும் கேட்காமல் தனியே வளர்ந்தவை இரண்டு குரலையும் பிரித்தறியத் தடுமாறின. ஓட்டுக்குள் போட்ட அந்தக் 'கீச்'தான் பாடம்!

இனி, குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் புரூடருக்கு வருவோம். வட்டமாக ஒரு தகடு, தரையில் உமி, மேலே ஒரு பல்பு, அவ்வளவுதான். முதல் வாரம் கோழிக்குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். வாத்துக்குஞ்சுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைந்த சூடே போதும். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சிரைத்தால் வெக்கை. சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது!

சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த இரண்டும், தண்ணீரில் பிரிந்துவிடும். கோழிக்குஞ்சு அலகை நனைத்து, தலையை அண்ணாந்து, ஒரு துளியை விழுங்கும். வாத்துக்குஞ்சோ ஒரு வாய் தீவனம், ஒரு வாய் தண்ணீர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். மூக்குத் துளை முங்கும்வரை அலகை அமிழ்த்திக் கழுவும், தலையை உதறும். பக்கத்தில் நிற்கும் கோழிக்குஞ்சு தொப்பலாக நனையும். ஒரே நாளில் உமி சேறாகிவிடும். ஈர உமிதான் கோழிக்குஞ்சின் எமன்: ரத்தக்கழிச்சல் நோய்க்கிருமி அதில்தான் தொற்றும் நிலைக்கு முதிரும். ஆழமான தண்ணீர்த் தட்டில் கோழிக்குஞ்சு விழுந்து மூழ்கியும் போகலாம். தட்டில் கூழாங்கற்களைப் போடுங்கள். தட்டுக்கு அடியில் கம்பிவலையும் ஒரு தாம்பாளமும் வைத்தால், சிந்தும் தண்ணீர் உமிக்குப் போகாது. இந்த ஒன்றில் மட்டும் தயவுசெய்து சோம்பல் படாதீர்கள்!

தீவனத்திலும் ஓர் ஆச்சரியம். நியாசின் என்ற வைட்டமினை உடலிலேயே தயாரித்துக்கொள்ளும் திறமை வாத்துக்கு மிகக் குறைவு. பிராய்லர் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் போதும் என்றால், வாத்துக்குஞ்சுக்கு 55 வேண்டும். குறைந்தால் கால் வளைந்து, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். கொஞ்சம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூவினால் இருவருக்கும் நல்லது. ரத்தக்கழிச்சல் மருந்து கலக்காத தீவனமாகவும் பார்த்து வாங்குங்கள். வாத்துக்குஞ்சு அதிகம் தின்பதால் மருந்தும் அதிகமாக உள்ளே போகும்.

வளரும் வேகம் தெரியுமா? பெக்கின் வாத்து ஏழே வாரத்தில் சுமார் 3 கிலோ எட்டிவிடும்! கூட வளர்ந்த நாட்டுக்கோழிக் குஞ்சு அதன் காலுக்கடியில் மிதிபடும். ஆகவே இரண்டு மூன்று வாரத்திலேயே இடத்தைப் பிரித்துவிடுவது நல்லது.

பிரித்தாலும் பாசம் போகுமா? பொரித்த சில மணி நேரங்களிலேயே கண்ணில் பட்டதைச் சொந்தமாகப் பதித்துக்கொள்ளும் இனங்கள் இவை. இதைப் பெருவாத்துக்களிடமும் (கூஸ்) காட்டு வாத்துக்களிடமும் ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸுக்கு 1973இல் நோபல் பரிசே கிடைத்தது. கோழிகளோடு வளர்ந்த ஆண் வாத்து, பெரிதானதும் கோழியையே துணையாகத் தேடக்கூடும். அதனால் கோழிக்குப் பலத்த காயம் ஏற்படலாம். எனவே ஆண் வாத்துக்குப் போதுமான பெண் வாத்துக்களைச் சேர்த்து, பருவம் வருமுன் கோழிகளிடமிருந்து பிரித்துத் தனிக் கொட்டகையில் விடுங்கள்.