தமிழ் வலைப்பதிவும் தேடுபொறிக்கு ஏற்ற முகவரியும்

மாணவர்களே, இணையப் பக்கமொன்றின் முகவரி நெறிமுறை, ஆள்களப் பெயர், பாதை, கோப்புப் பெயர் ஆகிய பகுதிகளைக் கொண்டது என அறிவீர்கள். வலைப்பதிவு எழுதுபவர் ஒவ்வொரு பதிவுக்கும் தாமாகத் தீர்மானிக்கக்கூடியது இறுதிப் பகுதியே. தமிழில் எழுதுவோர் பலர் கவனியாது விடுவதும் அதுவே.

நீங்கள் "டெங்கு நுளம்பு பெருகும் இடங்கள்" என்ற தலைப்பில் புளொக்கரில் ஒரு பதிவு இடுகிறீர்கள் எனக் கொள்வோம். புளொக்கர் தலைப்பிலுள்ள ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் கொண்டே முகவரியை ஆக்கும். தமிழ் எழுத்துகளை நீக்கிவிடும். எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே ஆண்டு, மாதம் ஆகியவற்றின் பின் "புளொக் போஸ்ட்" என்ற பொதுப்பெயரையே அது இடும். அடுத்த பதிவுக்கும் அதே பெயர், கூடவே ஓர் எண். டெங்கு பற்றியதும் சமையல் பற்றியதும் முகவரியில் ஒன்றுபோலவே தோன்றும்.

வேர்ட்பிரஸ் தமிழை நீக்குவதில்லை. ஆனால் அங்கு வேறொரு சிக்கல் உண்டு. யுனிகோட் தமிழ்க் குறி ஒன்றைச் சேமிக்க யூ.ரி.எப்-8 முறையில் 3 பைற்றுகள் தேவை. முகவரியில் ஒவ்வொரு பைற்றும் ஒரு சதவீதக் குறியாகவும் இரண்டு பதினறும இலக்கங்களாகவும் எழுதப்படும். எனவே "க" என்னும் ஓர் எழுத்துக்கு 9 இடங்கள்! "டெங்கு" என்பதில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 6 குறிகள். அதற்கு 54 இடங்கள். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து ஆக்கும் பகுதி 200 இடங்களைத் தாண்டாது. மேற்படி தலைப்பின் நான்காவது சொல் முழுவதுமே விடுபட்டுவிடும்.

மேலோடி இதைத் தமிழாகக் காட்டக்கூடும்; தேடுபொறியும் விளங்கிக்கொள்ளும். ஆனால் பிரதிசெய்து ஒருவருக்கு அனுப்பினால், சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட வரியே அவரைச் சென்றடையலாம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தாய் அத்தகைய இணைப்பை நம்பித் திறப்பாரா?

தலைப்பைத் தமிழிலேயே வைத்திருங்கள். வெளியிடுமுன், நிரந்தர இணைப்புக்குரிய பெட்டியில் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் இடுங்கள். இங்கு "டெங்கு", "நுளம்பு" என்பன போதும். சொற்களிடையே கீழ்க்கோடு வேண்டாம், இடைக்கோடு இடுக. கூகிள் பரிந்துரைப்பதும் இதுவே. புளொக்கர் இவ்வசதியை 2012 இல் வழங்கியது.

பழைய பதிவுகளின் முகவரிகளை ஒரே நாளில் மாற்றப் புறப்படாதீர்கள். பிறர் கொடுத்த மீயிணைப்புகள் பழைய முகவரிக்கே வரும். அங்கு பக்கம் இல்லையெனில் 404 என்ற வழுவே தோன்றும். மாற்றியே ஆகவேண்டுமாயின் பழையதிலிருந்து புதியதற்கு 301 என்னும் நிரந்தர வழிமாற்றத்தை அமைக்க வேண்டும்.

"முகவரியைத் திருத்தினால் தேடலில் முதலிடம் கிடைக்கும்" என விடை எழுதாதீர்கள். முகவரியிலுள்ள சொற்களுக்குக் கூகிள் கொடுக்கும் நிறை சிறிதே. பதிவின் உள்ளடக்கமே பெரிது. இணைப்பைக் காணும் மனிதருக்கு அது எதைப் பற்றியது எனத் தெரிவதே முகவரியின் முதற்பயன்.

பயிற்சி: "நுளம்பு" என்ற சொல் முகவரியில் எத்தனை இடங்களைப் பிடிக்கும்? (விடை: 7 குறிகள், 21 பைற்றுகள், 63 இடங்கள்)