கடல் கடந்த கட்டுமரம்

சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே வாழும் நமக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும் ஆங்கிலத்தின் கடற்சொற்களுள் சில நமக்கு உறவே.

'கேட்டமரான்' என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடினேன். 'இரண்டு ஓடங்களை இணைத்த படகு' என்றிருந்தது. திகைத்துப் போனேன். நம் கட்டுமரத்தில் ஓடம் ஏது? எடை குறைந்த மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதல்லவா அது! அலை மேலே ஏறினாலும் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். தேங்குவதற்குக் குழிவே இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவார்கள். செய்முறை முழுவதும் பெயரிலேயே இருக்கிறது.

சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயர் இச்சொல்லைக் கொண்டு சென்றனர். வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி 1697-இல் வெளியிட்ட பயண நூலில் இது காணப்படுகிறது. 1876-இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெர்ரெஷாஃப் இரட்டை ஓடப் பந்தயப் படகு ஒன்றைக் கட்டினார். அவ்வகைப் படகுகளுக்கு நம் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. இரட்டை ஓட அமைப்போ பசிபிக் தீவினர் தொன்றுதொட்டுக் கையாண்டது!

கட்டிய கயிறும் சும்மா இருக்கவில்லை. அதன் மலையாள உடன்பிறப்பான 'கயர்', ஆங்கிலத்தில் 'காயர்' ஆகி, கயிற்றை விட்டுத் தேங்காய் நாரைக் குறிக்கிறது.

இன்று நம் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, கட்டுமரங்கள் அருகிவிட்டன. தேர்வில் பொருள் கேட்டால் அகராதியில் உள்ளபடிதான் நானும் எழுதுவேன். ஆனால் என் அகராதியின் ஓரத்தில், 'கட்டிய மரம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.