லாப்ஸ்டரை நிறுத்திய சூப்பர் மார்க்கெட்: திமிங்கிலத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்கு அடையாளமே லாப்ஸ்டர்தான். நம்மூர் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு வைத்த சொந்தக்காரன். 2022 டிசம்பரில் அமேசானுக்குச் சொந்தமான 'ஹோல் ஃபுட்ஸ்' கடைகள் அதை வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தின. லாப்ஸ்டர் குறைஞ்சுபோச்சா? இல்லை.

சிக்கல் கயிற்றில். கடலடியில் இறக்கும் கூண்டையும் மேலே இருக்கும் மிதவையையும் இணைக்கும் கயிறு அது. அதில் மாட்டிக்கொள்கின்றன வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள். அப்போது உலகத்திலேயே மிச்சம் இருந்தவை சுமார் 350தான்.

ஹோல் ஃபுட்ஸின் விதி சிம்பிள். கடலில் பிடித்தது என்றால் எம்எஸ்சி சான்று வேண்டும்; இல்லாவிட்டால் மான்டரே பே அக்வேரியத்தின் 'சீஃபுட் வாட்ச்' பட்டியலில் பச்சையோ மஞ்சளோ வாங்கியிருக்க வேண்டும். செப்டம்பரில் சீஃபுட் வாட்ச் சிவப்பு கொடுத்தது. டிசம்பரில் எம்எஸ்சி சான்றும் நிறுத்திவைக்கப்பட்டது. ரெண்டும் போச்சு. அதாவது, தீர்ப்பு கடையின் கையில் இல்லை. இந்த வாக்குறுதிக்குப் பலமே அதுதான்.

மீனவர்கள் கொதித்தார்கள். தங்கள் கயிற்றால் ஒரு ரைட் திமிங்கிலம்கூடச் செத்ததாக நிரூபணம் இல்லையே என்றார்கள். அன்றைக்கு அது நியாயமான கேள்விதான்.

2024 ஜனவரியில் மாசசூசெட்ஸ் கரையில் இளம் பெண் திமிங்கிலம் ஒன்று செத்து ஒதுங்கியது. வாலில் இறுகியிருந்த கயிற்றில் ஊதா நிற அடையாளம். மெயின் லாப்ஸ்டர் கயிறுகளுக்கு உரிய நிறம் அது.