எதிர்முனையில ஃபோனை எடுத்தாங்களா? அதை யார் சொல்றது?

கோவில்பட்டியோட எஸ்.டி.டி. கோடு 04632. தொண்ணூறுகள்ல இந்தக் கரிசல் பக்கத்துல வெளியூருக்குப் பேசணும்னா பலருக்கு எஸ்.டி.டி. பூத்துதான் கதி. தீப்பெட்டி ஆர்டரோ, பம்பாய்ல வேலை பாக்கிற மகனோ, யார்கிட்டப் பேசினாலும் கண்ணு மீட்டர் மேலதான் இருக்கும். மணி அடிக்கிற வரைக்கும் காசு கிடையாது. எதிர்முனையில எடுத்ததும் மீட்டர் ஓடும். எடுத்தது மீட்டருக்கு எப்படித் தெரியும்?

அதுக்குப் பேருதான் சிக்னலிங். பேச்சு வேற, பேச்சைப் பத்தின தகவல் வேற.

இன்டர்நெட் ஃபோனையும் பொது டெலிபோன் நெட்வொர்க்கையும் இணைக்கிற பெட்டி, வாய்ஸ் கேட்வே. அதுக்கும் இதே கேள்விதான். பதில் மூணு வகை.

முதல்ல, சாதாரண ரெண்டு கம்பி லைன். எக்ஸ்சேஞ்ச் அதுல 48 வோல்ட் வெச்சிருக்கும். ரிசீவரை எடுத்தா சர்க்யூட் மூடி மின்சாரம் ஓடும். டயல் டோன் வரும். இது லூப் ஸ்டார்ட். கேட்வேயோட எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட், ஒரு ஃபோன் மாதிரியே இங்க நடிக்குது. சிக்கல் என்னன்னா, எதிர்முனையில வெச்சுட்டாங்கன்னு இந்த லைன் தெளிவா சொல்லாது. கேட்வே லைனை விடாமப் பிடிச்சிக்கிட்டே இருக்கும். கடைக்கு இருக்கிறதே ஒரு லைன்னா, அன்னைக்கு ஆர்டர் எதுவும் உள்ள வராது. இதுக்கு ஒரு மருந்து, போலாரிட்டி ரிவர்சல்: எதிர்முனையில எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் பிளஸ், மைனஸை மாத்திப்போடும், வெச்சதும் பழையபடி திருப்பும். பூத் மீட்டர்கள் பார்த்ததும் இந்த மாதிரி சைகையைத்தான்.

ரெண்டாவது, இ1 லைன். நொடிக்கு 2.048 மெகாபிட், 32 அறைகள். 30 பேச்சுக்கு, ஒண்ணு தாளம் தப்பாம இருக்க, 16-ஆம் அறை சிக்னலிங்குக்கு. சி.ஏ.எஸ். முறையில ஒவ்வொரு பேச்சு அறைக்கும் அதுல சில பிட்டுகள் மட்டும் கிடைக்கும். பி.ஆர்.ஐ. முறையில முழுச் செய்தியே போகும்: அழைப்பு வருது, எடுத்தாச்சு, வெச்சாச்சு. ஏன் முடிஞ்சதுன்னும் எண் வரும். 16-ன்னா இயல்பா முடிஞ்சது, 17-ன்னா பிஸி.

மூணாவது, சிப் ட்ரங்க். இதே செய்திகள் ஐ.பி. வழியா: இன்வைட், ஓகே, பை.

அதனால ஆபீஸுக்குக் கேட்வே வாங்கப் போறீங்கன்னா, விலைக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "எதிர்முனையில வெச்சா உங்க லைன் எப்படிச் சொல்லும்?"