ரேடார் பார்த்தவருக்கு கேட் டியூட்டியா? சீருடையைக் கழற்றிய பிறகு டெக் வேலைக்கு வழி என்ன?

பெரியதாழை கடற்கரையில் நின்று வடக்கே கைகாட்டினால் மணப்பாடு. அதைத் தாண்டினால் குலசேகரன்பட்டினம். தசரா வேஷத்துக்குப் பேர்போன அந்த ஊரில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். பக்கத்திலேயே உடன்குடி அனல்மின் நிலையம். தெற்கே உவரியைக் கடந்து போனால் கூடங்குளம் அணு உலைகள். உள்பக்கம் திரும்பினால் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் இஸ்ரோ மையம், விஜயநாராயணத்தில் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் அனுப்பும் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். கட்டபொம்மன். தூத்துக்குடிக்குப் போனால் துறைமுகம், 2025-ல் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை.

வள்ளமும் வலையும் தூண்டில் வளைவுமாக இருக்கும் ஒரு மீனவ ஊரைச் சுற்றி இத்தனை தொழில்நுட்பம்! அப்படியிருந்தும், 18 வயதில் கடற்படைக்கோ ராணுவத்துக்கோ போய், ரேடாரும் ரேடியோவும் ஜெனரேட்டருமாக 15, 20 வருஷம் பழகி, 35, 40 வயதில் ஊர் திரும்புகிற ஒருவருக்கு முதலில் கண்ணில் படுகிற வேலை என்ன தெரியுமா? பெரும்பாலும் ஏதாவது ஒரு கேட்டில் செக்யூரிட்டி.

அந்த வேலை குறைவானது என்று சொல்ல வரவில்லை. தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, 1986-லிருந்து ஏராளமானவர்களுக்கு இப்படித்தான் சோறு போட்டிருக்கிறது. ஆனால், போர்க்கப்பலின் மின்சாரத்தையே கட்டி மேய்த்த ஒருவர், மின்நிலையத்தின் உள்ளே போகாமல் அதன் வாசலில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுவதைப் பார்க்கும்போது, எங்கேயோ ஒரு கணக்கு தப்பாகிவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

முப்படைகளிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் ஓய்வு பெறுகிறார்கள். அதில் பெரும்பாலானவர்கள் அதிகாரிகள் அல்ல. பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்க, வீட்டுக் கடன் பாக்கி இருக்க, நாற்பதுக்குள்ளாகவே 'ரிட்டயர்டு' ஆகிற ஜவான்களும் மாலுமிகளும்தான். பென்ஷன் வரும். அதை வைத்து மட்டும் குடும்பம் நடத்த முடியுமா என்று அந்த வீட்டம்மாவைக் கேட்டால் தெரியும்.

வேலை தெரியும்... பேப்பர் இல்லை!

சிக்கல் திறமையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

இஸ்ரோவில் டெக்னீஷியன் வேலைக்கு அறிவிப்பு வந்தால் என்ன கேட்கிறார்கள்? பத்தாம் வகுப்பு, அதோடு அந்தத் தொழிலில் ஐ.டி.ஐ. சான்றிதழ். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராகக் கப்பலுக்குப் போனவரிடம் ஐ.டி.ஐ. சான்றிதழ் எங்கே இருக்கும்? அவர் படித்தது கடற்படையின் பயிற்சிப் பள்ளியில். வேலை கற்றது நடுக்கடலில், இரவு இரண்டு மணிக்கு ஜெனரேட்டர் நின்றுபோனபோது.

'15 வருஷம் சர்வீஸ் இருந்தால் டிகிரிக்குச் சமம்னு சொல்றாங்களே?' என்று கேட்பீர்கள். உண்மைதான். பத்தாம் வகுப்பு முடித்து, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றி, படைப்பிரிவு தரும் கல்விச் சான்றிதழும் வைத்திருந்தால், பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் குரூப் சி ஒதுக்கீட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த விதியிலேயே ஒரு கொக்கி இருக்கிறது. தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று சொல்லப்பட்ட பணிகளுக்கு இந்தச் சலுகை செல்லாது. அதாவது, வாழ்நாள் முழுக்கத் தொழில்நுட்ப வேலை பார்த்தவருக்கு, தொழில்நுட்பம் இல்லாத வேலைக்கு மட்டும் கதவு எளிதாகத் திறக்கிறது. வேடிக்கையாக இல்லை?

இதனால்தான் பலர் வங்கி கிளார்க், அலுவலக உதவியாளர், காவலர் என்று போய்விடுகிறார்கள்.

உங்கள் போனில் ஒரு கடற்படைக்காரர்

இந்தக் கட்டுரையை நீங்கள் போனில் படிக்கிறீர்கள் என்றால், அதற்குள் இந்தியக் கடற்படையிலிருந்து வெளியே வந்த ஒரு தமிழரின் மூளை வேலை செய்துகொண்டிருக்கிறது. பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். 15 வயதில் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து, கடற்படை அதிகாரி ஆனவர். கடற்படையில் இருந்தபடியே ஐ.ஐ.டி. டெல்லியில் ஆராய்ச்சி செய்து 1973-ல் முனைவர் பட்டம் வாங்கினார்.

1971 டிசம்பர் 9 அன்று, பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று ஐ.என்.எஸ். குக்ரி கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் உயிரிழந்தார்கள். நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரியைக் கண்டுபிடிக்கும் கருவிதான் சோனார். நம்மிடம் அது போதுமான தரத்தில் இல்லை என்பதை அந்த இழப்பு முகத்தில் அறைந்தாற்போலச் சொன்னது. போருக்குப் பிறகு, இருக்கிற சோனாரை மேம்படுத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. பிறகு அவர் தலைமையில் 'அப்சோ' என்ற புத்தம்புது சோனார் உருவாகி, 1983-ல் கடற்படைக்கு வந்தது.

1991-ல் கமடோராக இருந்தபோது கடற்படையிலிருந்து விலகினார். வயது 47. பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே போனதும் அவர் கையில் எடுத்தது ஒயர்லெஸ் தொலைத்தொடர்பு. சோனாருக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. சோனாரில் வரிசையாகப் பல உணரிகள் இருக்கும். கடலுக்கடியில் எல்லா ஒலியும் குழம்பிக் கிடக்க, எது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். பால்ராஜ் இதே வித்தையை ரேடியோ அலைக்குக் கொண்டுபோனார். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்கள் வெவ்வேறு தகவலை அனுப்பட்டும். வாங்குகிற பக்கமும் பல ஆன்டெனா வைத்து அதைப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். 1992-ல் அவர் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. இன்று 'மைமோ' என்ற அந்த உத்தி இல்லாமல் 4ஜி இல்லை, 5ஜி இல்லை, வீட்டு வைஃபை ரவுட்டரும் இல்லை. 2010-ல் பத்ம பூஷண், 2014-ல் மார்கோனி பரிசு. அவர் தொடங்கிய நிறுவனங்களில் ஒன்றை இன்டெலும் இன்னொன்றை பிராட்காமும் வாங்கின.

'அவர் அதிகாரி, டாக்டர் பட்டம் வாங்கியவர், நாங்க எங்கே...' என்று நீங்கள் சொல்வது சரி. எல்லோரும் பால்ராஜ் ஆக முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை அவரிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ளலாம். வெளியே வந்தவர் தன்னை 'சோனார்க்காரர்' என்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சோனாருக்குள் இருக்கும் பொதுவான திறமை எது என்று பிரித்து, அதற்கு வெளியுலகில் எங்கே தேவை என்று பார்த்தார்.

ரெஸ்யூமே: மொழியை மாற்றுங்கள்

ஒருவர் தன் ரெஸ்யூமேயில் 'எலெக்ட்ரிக்கல் ஆர்டிஃபிசர், போர்க்கப்பல், 15 ஆண்டு' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு ஹெச்.ஆர். பெண்ணுக்கு (என் வயதுதான் இருக்கும்) அது சீன மொழி. அதையே 'மூன்று ஃபேஸ் மின் விநியோகம், டீசல் ஜெனரேட்டர், சுவிட்ச்போர்டு, மோட்டார் பராமரிப்பு. இத்தனை பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு. தினமும் பழுதுப் பதிவேடு' என்று எழுதினால், காற்றாலை கம்பெனிக்கும் புரியும், டேட்டா சென்டருக்கும் புரியும்.

ராணுவத்தின் எந்தத் தொழில்பிரிவு வெளியே எந்தத் தொழிலுக்குச் சமம் என்ற பட்டியலை மத்திய அரசே வைத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கிலும் உங்கள் பிரிவு, படிப்பு, பயிற்சி எல்லாம் பதிவாகியிருக்கும். அமெரிக்காவில் ராணுவப் பணியின் பெயரைத் தட்டினால் அதற்கு இணையான சிவில் வேலைகளைக் காட்டும் இணையதளம் உண்டு. அங்கே 'ஸ்கில்பிரிட்ஜ்' என்ற திட்டத்தில், பணியின் கடைசி 180 நாள் வரை தனியார் நிறுவனத்திலேயே போய் வேலை பழகலாம். சம்பளம் ராணுவம் தரும். நம் ஊரில் அதற்கு நெருக்கமானது, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் பயிற்சிகள். டி.ஜி.ஆர். என்றால் படையில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வுக்கு முன்பே சேரலாம். ஜவான், ஜே.சி.ஓ. நிலையில் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எந்த கோர்ஸ் எளிது, எது வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது என்று பார்த்துச் சேர்ந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை முடித்தால் கையில் கிடைக்கிற காகிதத்தை வெளியே யார் மதிப்பார்கள்?

சிக்னல்ஸ், கம்யூனிகேஷன் பிரிவில் இருந்தவர்களுக்கு நெட்வொர்க்கிங் சான்றிதழ் ஒன்று இருந்தால், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கண்காணிப்பு மையங்களில் ஷிஃப்ட் வேலை சிரமமில்லை. ராத்திரி கண்விழிப்பது இவர்களுக்குப் புதிதா என்ன? விமானப்படை டெக்னீஷியன் என்றால், டி.ஜி.சி.ஏ.வின் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத் தேர்வுகளைப் பணியில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக எழுதத் தொடங்குவது நல்லது. ட்ரோன் ஓட்ட, 2021 விதிகளின்படி பத்தாம் வகுப்பும் அங்கீகாரம் பெற்ற மையத்தின் பயிற்சியும் போதும். வயது 18 முதல் 65 வரை. ஐ.டி.ஐ. படிக்காமல் வேலை மட்டும் தெரிந்தவர்கள், அனுபவத்தைக் காட்டித் தனித்தேர்வராகத் தேசியத் தொழிற்தேர்வு எழுதவும் வழி உண்டு. அந்த ஒரு சான்றிதழ் கையில் இருந்தால், இஸ்ரோ அறிவிப்பைப் படிக்கும்போது மனசு வேறு மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரெஸ்யூமேயிலோ லிங்க்ட்இன்னிலோ கப்பலின் கருவி விவரம், அலைவரிசை, தளத்தின் படம் எதையும் போடாதீர்கள். பணி முடிந்தாலும் அலுவலக ரகசியச் சட்டம் முடிவதில்லை. வேலை வாங்கித் தருகிறேன், முதலில் 'டெபாசிட்' கட்டு என்று சொல்கிறவரிடமும் விலகியே இருங்கள். ஓய்வுக்கால மொத்தத் தொகை வந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் அவர்கள் போன் செய்வார்கள்.

மறுபடியும் கப்பலா?

கடற்படையிலிருந்து வருபவர்களுக்குச் சம்பளம் அதிகம் உள்ள வழி வணிகக் கப்பல். போர்க்கப்பலில் மின்பிரிவில் இருந்தவர், தேவையான படிப்பும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தகுதிச் சான்றிதழும் பெற்றால், எலெக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசராகப் போகலாம். கடற்படை அனுபவத்தை இதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அக்னிவீரர்களுக்கும் இதே மாதிரி வழிகளை 2022-ல் அறிவித்தார்கள்.

ஆனால், இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். பதினைந்து வருஷம் கணவர் லீவில் வந்துபோனவராக இருந்த வீடு அது. மகளின் முதல் நன்மைக்கு அப்பா வரவில்லை, மாமனார் சாவுக்கு வரவில்லை. 'இனி ஊர்லதான் இருப்பார்' என்று காத்திருந்த மனைவியிடம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாதக்கணக்கில் மறுபடியும் கடல் என்று சொல்வது எளிதல்ல. அதனால்தான் குலசேகரன்பட்டினமும் உடன்குடியும் கூடங்குளமும் தூத்துக்குடியும் இந்தக் கரைக்கு முக்கியமாகின்றன. இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் தெற்கே சிறிய ராக்கெட்டுகளை அனுப்பலாம், எரிபொருள் மிச்சம் என்பதற்காகத்தான் குலசையை இஸ்ரோ தேர்ந்தெடுத்தது. ஏவுதளம் என்றால் விஞ்ஞானிகள் மட்டும் அல்ல. மின்சாரம், குளிரூட்டல், தகவல்தொடர்பு, தீயணைப்பு, கிரேன் என்று கைவேலை தெரிந்தவர்களும் வேண்டும். அந்த இடங்களுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து அறை எடுத்துத் தங்குவார்களா, சாயங்காலம் டூ வீலரில் பெரியதாழைக்குத் திரும்புகிற ஆள் போவாரா என்பது, அந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அக்னிவீரர்கள் வருகிறார்கள்

2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் முதல் அணி, அந்த ஆண்டின் இறுதியில் பயிற்சிக்குப் போனது. நான்கு ஆண்டு கணக்கு 2026 இறுதியில் முடிகிறது. நால்வரில் ஒருவர் வரை படையில் தொடரலாம். மற்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில், வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பென்ஷன் கிடையாது.

மற்றவர்களைவிட இவர்களுக்குக் காகிதம் இன்னும் அவசியம். நல்ல செய்தி, இக்னோ இவர்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. படையில் கற்ற பயிற்சிக்கே பாதி மதிப்பெண் புள்ளிகள் கிடைத்துவிடும். பணியில் இருக்கும்போதே அதை முடிக்காமல் விட்டவர்கள், அந்தப் பதினொன்றரை லட்சத்தில் பைக் புக் செய்யும் முன்பு படிப்புக்குக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கலாம். (பைக் வேண்டாம் என்று சொல்லவில்லை!)

சொந்தத் தொழில் யோசிப்பவர்களுக்கு, தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். படகு இன்ஜின், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், ஒயர்லெஸ் எல்லாம் பழுது பார்க்கும் கடைக்கு இந்தக் கடற்கரை முழுக்க வாடிக்கையாளர் இருக்கிறார்கள். மீன் எங்கே என்று காட்டுகிற எக்கோ சவுண்டர், சோனாரின் தம்பிதான்.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களின் அதே நிலைப் பணிகளில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. வயதிலிருந்து சர்வீஸ் காலத்தைக் கழித்து, மேலும் மூன்று ஆண்டு சலுகையும் உண்டு. தகுதியானவர்கள் கிடைக்காமல் இந்த இடங்கள் காலியாகப் போவது நாடாளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்ட விஷயம்.

ஊருக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, கல்விச் சான்றிதழ்கள், ஆதார், புகைப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயே வேலைவாய்ப்புப் பதிவும் செய்துகொள்ளலாம். பதிவின்போது 'என்ன வேலை தெரியும்?' என்று கேட்பார்கள். 'எது கொடுத்தாலும் செய்றேன் சார்' என்று சொல்லாமல், மேலே சொன்ன மாதிரி விவரமாக எழுதிக் கொடுங்கள்.