கல்லுக்கும் ஊர்ப்பெயர் வேண்டும்

ஓய்வு நாளிற் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பது இலண்டனில் வாழும் எம்மவர் பலரிடம் வாரந்தோறும் எழும் வினா. பெருஞ்செலவு இன்றி, அறிவையும் வளர்த்து, காலாற நடக்கவும் வைக்கின்ற பொழுதுபோக்குகள் இங்கு மிகச் சிலவே. இந்நாட்டு மக்களிடையே பல தலைமுறைகளாக வேரூன்றியிருந்தும் எம்மவரை இன்னும் எட்டாதிருக்கும் ஒன்று அவற்றுள் உண்டு. அதுவே கனிப்பொருள்களையும் பளிங்குகளையும் தேடிச் சேர்க்கும் பழக்கம்.

எமது சமூகத்தில் கல் என்றவுடன் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று மோதிரத்திற் பதிக்கும் கல். மற்றையது மதில் கட்டும் கல். இவ்விரண்டுக்கும் இடையில், அறிவதற்கு உரிய கல் என மூன்றாவது ஒன்று இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குடாநாட்டிற் பிறந்தவர்களுக்கு இதற்கொரு நியாயமும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினாலும் அதுவே. மதில் எழுப்பினாலும் அதுவே. 1950ஆம் ஆண்டிற் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை தோன்றியதும் அதன் பொருட்டே. ஒரே வகைக் கல்லைக் கண்டு வளர்ந்த கண்ணுக்குக் கற்களிடையே வேற்றுமை தேடத் தோன்றாமை வியப்பன்று.

ஆயினும் இலங்கைத் தீவின் கற்களை முறைப்படி ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர் என்பதையும், அவர் அக்கல்வியைப் பெற்றது இதே இலண்டன் மாநகரில் என்பதையும் எம்மவர் அறிந்திருத்தல் நன்று.

பள்ளிக்கு அருகிலிருந்த குன்று

ஆனந்த குமாரசுவாமியைச் சிற்பத்தினதும் நடனத்தினதும் உட்பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கிய கலை அறிஞராகவே நாம் போற்றுகின்றோம். ஆனால் அவர் முதலிற் கற்றது கல்லை. 1877ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த அவருக்குத் தந்தை சேர் முத்து குமாரசுவாமி; தாயார் கென்ற் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணி. இளம் பருவத்திலேயே தந்தையை இழந்து, தாயாருடன் இங்கிலாந்தில் வளர்ந்தார். குளோஸ்ரர்ஷயரில் ஸ்ரோன்ஹவுஸ் என்னும் ஊரிலுள்ள வைக்கிளிவ் கல்லூரியில் மாணவராயிருந்தபோது, 1895ஆம் ஆண்டில், அயலிலிருந்த டோவரோ குன்றின் பாறைகளைப் பற்றிப் பள்ளிச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் உலகம் போற்றிய எழுத்துப் பணியின் தொடக்கம் அதுவே. நாள்தோறும் கண்ணிற் பட்ட குன்று ஒன்றே அவருக்கு முதற் பாடநூலாயிற்று.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். 1903ஆம் ஆண்டில், தென் கென்சிங்ரனிலுள்ள அருங்காட்சியகத்தின் கனிப்பொருளியலாளர் ஜோர்ஜ் பிறயர் என்பவருடன் இணைந்து, அதுவரை அறியப்படாத நீலநிறக் கனிப்பொருள் ஒன்றை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். கண்டிப் பகுதியில் அம்பகோட்டைக்கு அண்மையிலுள்ள கங்கப்பிட்டிய என்னும் இடத்தில் அது கிடைத்தது. அராபிய வணிகர் எமது தீவுக்கு வழங்கிய செரண்டிப் என்னும் பழம் பெயரைக் கொண்டு அதற்குச் செரண்டிபைற் எனப் பெயர் சூட்டினர். அப்போது குமாரசுவாமிக்கு அகவை இருபத்தாறைத் தாண்டவில்லை.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணியின் தலைவராக அவர் தீவெங்கும் சுற்றினார். பலாங்கொடைப் பகுதியின் இரத்தினச் சரளைகளிடையே கிடைத்த, அளவுக்கு மீறிக் கனத்த சிறு கருங்கனசதுரங்கள் 1904ஆம் ஆண்டில் அவர் கவனத்தை ஈர்த்தன. இலண்டன் இம்பீரியல் நிறுவகத்தில் நிகழ்ந்த பகுப்பாய்வு, அவை தோரியம் என்னும் மூலகம் நிறைந்த புதிய கனிப்பொருள் என நிறுவியது. தோரியனைற் என்பது அதன் பெயர். அதே காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர் வில்லியம் றாம்சேயிடம் பயில வந்திருந்த ஓட்டோ ஹான் என்னும் ஜேர்மன் இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பொருளை ஆராய்ந்து 1905ஆம் ஆண்டில் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற அதே ஹான்தான் அவர். பலாங்கொடைச் சேற்றிற் கிடந்த கருங்கல் ஒன்று கதிரியக்க அறிவியலின் தொடக்க அத்தியாயத்தில் இடம்பெற்ற வரலாறு இது.

கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றபோதுதான் குமாரசுவாமி கம்மாளரையும் நெசவாளரையும் கண்டார். அவர்தம் கலைகள் அழிந்து வருவதையும் கண்டார். 1908ஆம் ஆண்டில் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் அந்தப் பயணங்களின் விளைவு. கல்லைப் பார்க்கப் பழகிய கண் பிறவற்றையும் பார்க்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தெருவே முதற் பாடசாலை

புதிதாகத் தொடங்குபவர் மலைக்குச் செல்ல வேண்டியதில்லை. கடைத்தெருவுக்குச் சென்றாற் போதும். இலண்டனின் மதுச்சாலைகள், வங்கிகள் பலவற்றின் முகப்பிற் கருநீலமாக மினுங்கும் கல் பதிக்கப்பட்டிருக்கும். நோர்வேயின் லார்விக் பகுதியிலிருந்து வந்தமையால் அதனை லார்விக்கைற் என்பர். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதனுள் நீலஒளி அசையும். அந்த ஒளியைத் தருவது பெல்ஸ்பார் என்னும் கனிப்பொருட் குடும்பம். எமது தீவின் சந்திரகாந்தக் கல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. புனித பவுல் பேராலயத்தின் மேற்கு வாயிலுக்கு முன்னுள்ள தடுப்புக் கற்களில் விரல்நுனி அளவான இளஞ்சிவப்புப் பளிங்குகளைக் காணலாம். அவை வட இங்கிலாந்தின் ஷாப் என்னும் இடத்துக் கருங்கல். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எரிக் றொபின்சன் என்னும் விரிவுரையாளர் 1980களில் இத்தகைய தெருக்கற்களை விளக்கி நடைவழி நூல்கள் எழுதினார்.

அடுத்துச் செல்லவேண்டியது தென் கென்சிங்ரனில் 1881ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கு பிள்ளைகள் டைனோசரை நோக்கி ஓடுவர். கனிப்பொருட் கூடத்தின் பழைய மரப்பேழைகளிடையே கூட்டம் குறைவாகவே இருக்கும். அனுமதி இலவசம். அங்கு குருந்தக் கல்லை மறவாது பார்த்தல் வேண்டும். மாணிக்கமும் நீலமும் வண்ணத்தால் வேறுபட்டாலும் பொருளால் ஒன்றே, இரண்டும் குருந்தம். ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் கொறண்டம் என்னும் பெயர் எமது குருந்தம் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. எமது மொழியின் சொல் ஒன்று உலகின் எல்லாக் கனிப்பொருட் பட்டியல்களிலும் நிலைபெற்றிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கருவிகள்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை, சிறு காந்தம், இரும்பாணி, மெருகூட்டப்படாத பின்புறத்தையுடைய குளியலறை ஓடு, ஒரு பெனி நாணயம், சிறு போத்தலில் வினாகிரி. இவையே போதுமானவை.

ஒன்றையொன்று கீறும் ஆற்றலைக் கொண்டு ஜேர்மன் அறிஞர் பிரீட்ரிக் மோஸ் 1812ஆம் ஆண்டிற் கனிப்பொருள்களின் வன்மையைப் பத்துப் படிகளாக வகுத்தார். நகம் இரண்டரை, செப்பு நாணயம் ஏறத்தாழ மூன்று, கண்ணாடி ஐந்தரை, குவாட்ஸ் என்னும் படிகக்கல் ஏழு, எமது குருந்தம் ஒன்பது, வைரம் பத்து. நாணயத்தில் ஒரு நுட்பம் உண்டு. 1992ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பெனி நாணயங்கள் செப்பு முலாம் பூசிய உருக்கு. காந்தம் அவற்றைக் கவரும். சோதனைக்குப் பழைய நாணயமே ஏற்றது.

கல்லை ஓட்டின் பின்புறத்தில் உரைத்தால் எழும் கீற்றின் நிறம் மற்றொரு சான்று. பொன்னெனத் தோன்றும் பைரைற் பச்சை கலந்த கருங்கீற்றைத் தரும். பொன்னோ மஞ்சட் கீற்றையே தரும். எமது பொற்கொல்லரின் உரைகல்லும் இவ்வழியில் வந்ததே. வினாகிரித் துளி பட்டவுடன் நுரைத்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் இனம். ஊர்க் கிணற்றுக் கல்லும், இலண்டனைச் சூழ்ந்த குன்றுகளின் வெள்ளைச் சோக்குப் பாறையும் இச்சோதனையில் ஒரே விடை தரும்.

ஷெப்பித் தீவின் கரை

இலண்டனிலிருந்து ஒரே நாளிற் சென்று மீளக்கூடிய இடங்களுள் தொடக்கநிலையாளருக்கு ஏற்றது, தேம்ஸ் கழிமுகத்தின் தென்பால் உள்ள ஷெப்பித் தீவு. விக்ரோறியாவிலிருந்து சிற்றிங்போன் வரை சென்று, ஷியர்னஸ் செல்லும் கிளைப் பாதையில் மாறிக்கொள்ளலாம். மின்ஸ்ரரிலிருந்து வோடன் முனை வரை நீளும் கரையில், ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலிற் படிந்த இலண்டன் களிமண்ணை அலைகள் அரித்துக் கொட்டுகின்றன. அதனிடையே கண்ணாடித் தகடுபோல ஒளி ஊடுருவும் செலனைற் பளிங்குகள் கிடைக்கும். நகத்தாற் கீறலாம், அதுவே அதன் அடையாளம். பித்தளை நிறப் பைரைற் கட்டிகளும் குச்சிகளும் ஏராளம். பல, புதையுண்ட மரச்சுள்ளிகளும் கனிகளும் கல்லாக மாறியவை.

இந்தப் பைரைற்றை 16ஆம் நூற்றாண்டு முதல் ஏழை மக்கள் இக்கரையிற் பொறுக்கி விற்றனர். எமது சித்த வைத்தியர் அறிந்த அன்னபேதி அதிலிருந்துதான் காய்ச்சப்பட்டது. துணிக்குக் கறுப்புச் சாயமேற்றவும் எழுதும் மை செய்யவும் அது பயன்பட்டது. பைரைற் ஈரத்திற் சிதைந்து தூளாகும். ஆதலின் நன்கு கழுவி, உலர்த்தி, மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். களிமண் முகடுகள் முன்னறிவிப்பின்றிச் சரியும்; அடிவாரத்தில் நிற்றல் ஆகாது. சேறு முழங்கால்வரை இழுக்கும். கடல் வற்றும் நேரத்தை அட்டவணையிற் பார்த்து, வற்றும்போதே செல்லுதல் முறை. பிள்ளைகளைத் தனியே விடலாகாது.

நிலத்துக்கு உரியவர் உண்டு

கரையிற் கிடக்கும் கல் தானே, யார் கேட்பர் என எண்ணுதல் தவறு. இந்நாட்டில் உரிமையாளர் இல்லாத நிலம் இல்லை. இலண்டனூடே ஓடும் தேம்ஸ் ஆற்றின் வற்றுக்கரையில் எதையும் தேடி எடுப்பதற்குத் துறைமுக அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அறிவியற் சிறப்புமிக்க இடமெனப் பாதுகாக்கப்பட்டவற்றில் சுத்தியல் எடுத்தல் குற்றமாகலாம். தோண்டாது, உடைக்காது, தளர்ந்து கிடப்பவற்றுள் வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்தலே நல்லோர் வழக்கம். இந்நாட்டிற் சட்டநிலை உறுதிப்படாது காத்திருக்கும் எம்மவர் இதிற் சற்றுக் கூடுதலான கவனம் கொள்வது நன்று. தனியே செல்லத் தயங்குவோர் 1858ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய புவிச்சரிதவியலாளர் சங்கத்தின் கள உலாக்களிற் சேரலாம். அது தொழிலறிஞருக்கு மட்டுமன்றி ஆர்வலருக்கும் உரிய சங்கம்.

இரு கற்களின் கதை

கருவிகளுள் தலையாயது எதுவெனின், அது சுத்தியலன்று; ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலுமே. கல்லின் பெயர், கிடைத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் அன்றே எழுதி, கல்லோடு ஓரிலக்கமிட்டு வைத்தல் வேண்டும். பெயர் பிழைத்தாற் பின்னர் திருத்தலாம். பல்லாண்டு கழித்தும் சோதித்து அறியலாம். இடம் மறந்தால் எந்த ஆய்வுகூடமும் எளிதில் அதை மீட்டுத் தராது.

1945ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் ரஃவே பிரபு என்பவர் ஒரு நகைவணிகரிடமிருந்து பழைய கற்கள் கொண்ட பெட்டியை வாங்கினார். அதில் இளஊதா நிறக் கல் ஒன்று ஸ்பினல் போலத் தோன்றினும், உள்ளே பார்த்தபோது பின்புறக் கோடுகள் இரட்டையாகத் தெரிவதை அவர் கவனித்தார். ஸ்பினல் அவ்வாறு காட்டாது. இலண்டன் ஹற்றன் கார்டன் ஆய்வுகூடத்துக்கு அதை அனுப்பினார். அது உலகம் அறியாத கனிப்பொருள் என உறுதியாகி, 1951ஆம் ஆண்டில் ரஃவைற் என்னும் பெயருடன் விவரிக்கப்பட்டது. ஆனால் பட்டை தீட்டிய அந்தக் கல் எங்கே பிறந்தது? பெட்டியில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதன் இனத்தைச் சேர்ந்த கற்கள் இலங்கையின் இரத்தினங்களிடையே கிடைத்த பின்னரே அதன் தாயகம் பற்றித் தெளிவு பிறந்தது.

குமாரசுவாமியின் செரண்டிபைற்றுக்கு அந்த நிலை நேரவில்லை. எடுத்தவர் ஊரை எழுதிவைத்தார். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் கங்கப்பிட்டிய என்னும் சிற்றூரின் பெயர் உலகின் கனிப்பொருள் நூல்களில் நிலைத்திருக்கின்றது.

எம்மவர் வீடுகள் சிலவற்றில் ஊரிலிருந்து வந்த ஏதோ ஒரு கல் இருக்கின்றது. இடிந்த வீட்டின் சுண்ணாம்புக்கல் துண்டாகவோ, கீரிமலைக் கரையிற் பொறுக்கியதாகவோ, பாட்டியாரின் தோட்டுக் கல்லாகவோ அது இருக்கலாம். அது எங்கிருந்து வந்தது எனச் சொல்லக்கூடிய முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். ஷெப்பிக்குச் செல்ல வானிலை இடங்கொடாத ஞாயிறு ஒன்றில், பிள்ளைகள் தாத்தாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு, அந்தக் கல்லுக்குரிய முதற் சீட்டை எழுதட்டும். ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதட்டும். சேகரிப்பின் முதலாம் இலக்கம் அதற்கே உரியது.