விலையில்லாததும் பொதுவானதும்

ஏழை மாணவருக்கான கணினி என்று பேச்சு எடுத்தாலே விலைதான் முன்னால் வந்து நிற்கிறது. 2005-இல் துனிஸ் மாநாட்டில் நெக்ரோபோண்டே காட்டிய பச்சைக் கணினிக்கு '100 டாலர் கணினி' என்றே பேர். கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் வரும் என்றார்கள். 2007-இல் உற்பத்திக்கு வந்தபோது அந்தக் கைப்பிடியும் இல்லை, அந்த விலையும் இல்லை. விலையைப் பேசும் சொல்லாடல் வேறு எதைப் பேசாமல் விடுகிறது?

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் உருவாக்கிய சிம்ப்யூட்டர் வேறு மாதிரி யோசித்தது. கருவி ஊருக்கு ஒன்று. ஸ்மார்ட் கார்டு ஆளுக்கு ஒன்று. அவரவர் தகவல் அவரவர் அட்டையில் இருக்கும், கருவி கைமாறிக்கொண்டே போகும். 2004-இல் 9,950 ரூபாயில் தொடங்கி விற்பனைக்கு வந்தது, எடுபடவில்லை. பொதுவில் வைத்துப் புழங்குவது என்ற யோசனையும் அதோடு மறந்துபோயிற்று.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின் பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. 'இலவசம்' என்ற சொல்லில் கொடுக்கிற கை தெரியும். 'விலையில்லா' அந்தக் கையை மறைக்கிறது. மறைந்த கைக்குப் பதிலாக மூடியில் முதலமைச்சர் படம். 'ஓசியில கொடுத்துக் கெடுக்குறாங்க' என்ற நடுத்தர வர்க்க முணுமுணுப்பில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் தனக்கென்று ஒரு மேசைகூட இல்லாத பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கணினி கிடைத்தது சின்ன விஷயமல்ல.

ஆனால் கணினி தனியார் சொத்தானபோது பராமரிப்பும் தனியார் பாடாயிற்று. மேற்குத் தாம்பரம் பழுதுக்கடைகளில் பேட்டரி செத்துப்போன அரசு மடிக்கணினிகளைப் பார்த்திருக்கிறேன். சார்ஜரைச் செருகினால்தான் உயிர். 2012 மின்வெட்டில் சென்னைக்கு 2 மணி நேரம். வெளிமாவட்டங்களில் பல நாள் 10 மணி நேரத்துக்கும் மேல். பேட்டரி போனால் மடிக்கணினியும் மின்கம்பியில் கட்டிப்போட்ட பெட்டிதான்.

இத்தனைக்கும் கணினி உள்ளே ஓடுவது நேர்மின்சாரத்தில். சூரியத்தகடு தருவதும் அதுவே. இன்வெர்ட்டர் அதை மாறுமின்சாரமாக்குகிறது, சார்ஜர் திரும்பவும் நேர்மின்சாரமாக்குகிறது. இரண்டு இடத்திலும் இழப்பு. இந்தச் சுற்றை வெட்டி நேர்மின்சாரத்தையே வீட்டுக்குள் கொண்டுபோகும் வேலையை, சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு செய்திருக்கிறது.

முடிச்சூரிலோ பெருங்களத்தூரிலோ ஒரு மாலைநேரப் படிப்பகம், கூரையில் ஒரு தகடு, உள்ளே நாலைந்து கணினி, பேட்டரி மாற்றத் தெரிந்த ரெண்டு பிள்ளைகள்: இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். என்ன விலை என்று கேட்பதை விட்டுவிட்டு, மின்சாரம் எங்கிருந்து வரும், கெட்டால் யார் சரிசெய்வார், யாருக்குச் சொந்தம் என்று நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.